பலா மரத்தில் ஒரு வள்ளக் கிண்ணம்: சிஎன்சி ரவுட்டரில் குழிவான வளைவை வரைந்து குடையும் முறை

என் பட்டறைச் சுவரில் ஒரு மரக்கிண்ணம் ஆணியில் தொங்குகிறது. கணினியின் கட்டளைப்படி மரத்தைக் குடையும் இயந்திரமான சிஎன்சி ரவுட்டரில் நான் குடைந்த முதல் கிண்ணம் அது. அடியில் எட்டணா நாணயம் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. வருகிறவர்கள் அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. நடந்தது ஒரு கழித்தல் கணக்கு. பலகையின் கனம் 60 மி.மீ. என்று கணினியில் கொடுத்திருந்தேன். இழைத்து முடித்தபோது அது 57 ஆகியிருந்தது. கிண்ணத்தின் அடியை 3 மி.மீ. என்று வரைந்திருந்தேன். இரண்டு பக்கமும் பலகையின் மேற்பரப்பையே பூஜ்யமாக, அதாவது உயரத்தை அளக்கத் தொடங்கும் இடமாக, தொட்டுக்கொண்டேன். உள்ளே ஆழம் சரி, வெளியே ஆழம் சரி, நடுவில் மரம்தான் இல்லை.

குழிவான பொருளில் உள்வளைவை ஒரு முறையும் வெளிவளைவை, மரத்தைத் திருப்பிப் போட்டு, இன்னொரு முறையும் வெட்டுகிறோம். வாங்குகிறவர் கையில் எடுப்பது இரண்டுக்கும் நடுவே மிஞ்சிய சுவரை. அந்தச் சுவரின் கனத்தை எந்தக் கருவியும் நேரடியாக வெட்டித் தருவதில்லை. அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு அளவும் அந்தச் சுவரைக் காப்பாற்றுவதற்காகவே.

எடுத்துக்காட்டுக்குச் சிறு படகான வள்ளம் போல இருபுறமும் முனை கூடிய ஒரு கிண்ணம். நீளம் ஏறத்தாழ 300, அகலம் 150, உயரம் 55, சுவர் 8, அடி 9 மி.மீ. இயந்திரம் மூன்று அச்சு ரவுட்டர், 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் (கருவியைச் சுழற்றும் மோட்டார்), இஆர்20 கோலெட் (கருவியின் தண்டை நட்டால் இறுக்கிப் பிடிக்கும் கவ்வி).

வரைவதற்கு முன் கருவியை அளந்துகொள்ளுங்கள்

பலரும் முதலில் அழகாக வரைந்துவிட்டு, பிறகு அதற்கேற்ற கருவியைத் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். இந்த வேலைக்கு நான் எடுப்பது 12 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. தண்டும் 100 மி.மீ. நீளமும் கொண்ட பால் நோஸ், அதாவது முனை அரைக்கோளமாக இருக்கும் கருவி. கோலெட்டுக்கு வெளியே 58 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடிக்கிறேன். முரட்டுவெட்டுக்கு, அதாவது பெரும்பகுதி மரத்தை அகற்றும் முதல் வெட்டுக்கு, அதே விட்டத்தில் முனை தட்டையான எண்ட் மில்.

58 என்பது காரணமுள்ள எண். உட்குழியின் ஆழம் 46, வெளிப்பக்கத்தில் கருவி இறங்க வேண்டியது 54. கருவி அதற்கும் குறைவாக நீண்டிருந்தால், 34 மி.மீ. அகலமுள்ள இஆர்20 நட்டு மரத்தின் மேல்விளிம்பில் போய் உரசும். தேவைக்கு மேல் நீட்டினாலும் ஆபத்துதான். கருவி வளையும் அளவு, நீட்டிய நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 40 மி.மீ. நீட்டியபோது வளைவதைப் போல மூன்று மடங்கு, 58 நீட்டினால் வளையும். விட்டத்தைப் பாதியாக்கினால் வளைவு பதினாறு மடங்கு ஆகும். நுணுக்கமாக வரும் என்று நம்பி இந்த ஆழத்துக்கு 6 மி.மீ. கருவியை எடுப்பவர்கள், சுவரில் அலை அலையாக வரியைப் பார்த்துவிட்டு இயந்திரத்தைத் திட்டுகிறார்கள்.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள். கருவி முனை மரத்துக்கு மேல் 10 மி.மீ. தூக்கி நகர வேண்டும் என்றால், மேசைப் பலகைக்கும் கோலெட் நட்டுக்கும் நடுவே மரத்தின் கனம் 60, தூக்கும் உயரம் 10, கருவியின் நீட்டல் 58 சேர்ந்து 128 மி.மீ. இடம் கிடைக்க வேண்டும். சிறிய இயந்திரங்கள் சிலவற்றில் இந்த இடம் இருக்காது. இல்லையென்றால் கிண்ணத்தின் உயரத்தைக் குறைப்பதுதான் வழி.

வடிவம்

விளிம்பின் கோடு எளிது. 300 மி.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகள். அவற்றை இணைத்து இருபுறமும் 75 மி.மீ. புடைக்கும் இரண்டு வில்கள். ஒவ்வொரு வில்லின் ஆரம் 187.5 மி.மீ. இரண்டும் சேரும் முனை கூர்மையாக இருக்கும். உட்பக்கம் அந்தக் கூர்மை கிடைக்கவே கிடைக்காது, 6 மி.மீ. ஆரமுள்ள கருவி 6 மி.மீ. வளைவைத்தான் விட்டுச்செல்லும். அதையும் சரியாக 6 என்று வரையாதீர்கள். மூலையின் ஆரமும் கருவியின் ஆரமும் ஒன்றாக இருந்தால், மூலைக்குள் போனதும் கருவி ஒரு கணம் நின்று, முழு வளைவும் மரத்தில் பதிந்து, கீச்சென்று அதிரும். நான் 8 வைக்கிறேன். சுவர் 8 என்பதால் வெளிமுனைக்கு 16. இப்படி உருட்டியதில் இரு முனையிலும் தலா 4.5 மி.மீ. குறைந்து, கிண்ணம் ஏறத்தாழ 291 மி.மீ. ஆகிவிடும்.

இந்த 16 முனைக்கு மட்டும் உரியதன்று. வெளிப்பரப்பை முதலில் முழுதாக வரைந்து, அதை 8 மி.மீ. உள்ளே தள்ளித்தான் உட்பரப்பைப் பெறுகிறோம். வெளிவளைவு எந்த இடத்திலாவது 16 மி.மீ. ஆரத்துக்கும் இறுக்கமாக மடிந்தால், அங்கே உட்பரப்பு 8க்கும் கீழே போகும். இன்னும் இறுக்கினால் பரப்பு தன்மேல் தானே மடிந்து, மென்பொருள் பிழை காட்டும். ஃபியூஷன், ரைனோ, ஃப்ரீகேட் என எந்த மென்பொருளில் வரைந்தாலும் வளைவு ஆரத்தை நிறத்தால் காட்டும் வசதியையோ குறுக்குவெட்டையோ வைத்து இதைப் பார்த்துவிடுங்கள்.

பக்கவாட்டு உருவம் இப்படி: விளிம்பிலிருந்து 12 மி.மீ. வரை நேரான ஒரு பட்டை. அதன் கீழே சுவர் செங்குத்திலிருந்து 20 பாகை சாய்வில் தொடங்கி, மெல்லப் புரண்டு, 130க்கு 60 மி.மீ. நீள்வட்ட அடியில் முடிகிறது. பட்டைக்குக் கீழே சுவரை 0.6 மி.மீ. உள்வாங்கி வரைகிறேன். பட்டை ஒரு பக்கத்திலிருந்தும் சுவர் மறுபக்கத்திலிருந்தும் வெட்டப்படுகின்றன. எவ்வளவு கவனமாகத் திருப்பினாலும் ஒரு மயிரிழை வித்தியாசம் வரும். சமமாக வரைந்திருந்தால் அது குற்றமாகத் தெரியும். படி ஒன்றை நாமே வைத்துவிட்டால் யார் கண்ணிலும் படாது. இரண்டு பலகை சேரும் இடத்தில் தச்சர்கள் காடி (நீண்ட ஒடுங்கிய பள்ளம்) இழைத்துவிடுவதும் இதே தந்திரம்தான்.

பரப்பை முக்கோண வலையாக எஸ்டிஎல் கோப்பில் எடுப்பதாக இருந்தால், பிசகு 0.02 மி.மீ.க்கு மேல் போகாதபடி அமையுங்கள். கரடுமுரடான வலையின் பட்டைகள் வெட்டும்போது தெரியாது. எண்ணெய் பூசியதும் விளக்கொளியில் வைரக்கல் போலப் பட்டை பட்டையாக மின்னும்.

மரம்

பலாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தஞ்சாவூர் வீணையின் குடத்தைக் குடைவது பலாவில்தான். மெல்லிய சுவராகக் குடைந்தாலும் தாங்கும் மரம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. வைரம் பாய்ந்த மஞ்சள் பகுதியை மட்டும் எடுங்கள். 400க்கு 220 மி.மீ., கனம் 63. இவ்வளவு அகலமான ஒரே பலகை அரிதாகவே கிடைக்கும் என்பதால் மூன்று துண்டுகளைப் பக்கவாட்டில் ஒட்டலாம். இரண்டாக ஒட்டினால் ஒட்டுக்கோடு சரியாக நடுவில் விழும். அங்கேதான் பின்னால், மரத்தைத் திருப்பும்போது இடம் பிசகாமல் நிறுத்தும் ஊசிகளுக்கான துளை வரப்போகிறது. இழை கிண்ணத்தின் நீளவாக்கில் ஓட வேண்டும்.

ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அதில் சந்தேகம் இருந்தால், எல்லாப் பக்கமும் 4 மி.மீ. கூடுதலாக விட்டு முரட்டுவெட்டு மட்டும் போட்டு, நிழலில் பத்து நாள் வைத்துவிடுங்கள். உள்ளே அடைபட்ட இறுக்கம் வெளிவந்து மரம் முறுக்கிக்கொள்வதானால் அப்போதே முறுக்கிக்கொள்ளட்டும்.

முதல் முயற்சியைப் பலாவில் செய்ய வேண்டாம். ஒரு சில்வர் ஓக் கட்டையில் முழு வேலையையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விலை குறைவு, போனால் அடுப்புக்கு.

பூஜ்யமும் ஊசிகளும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மேசைமேல் போட்டிருக்கும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அடிப்பலகையை இயந்திரத்தாலேயே ஒருமுறை சீவிச் சமமாக்குங்கள். உயரத்துக்கான பூஜ்யம் இந்த அடிப்பலகையின் பரப்பு. முதல் பக்கத்துக்கும் அதுவே, இரண்டாம் பக்கத்துக்கும் அதுவே. பூஜ்யம் எடுக்க மரத்தின் மேற்பரப்பைத் தொடவே கூடாது. ஒவ்வொரு முறை கருவி மாற்றும்போதும் அடிப்பலகையின் ஒதுக்கிவைத்த ஒரு மூலையில் தொட்டுக்கொள்ளுங்கள். கிடைமட்டப் பூஜ்யம் கிண்ணத்தின் நடு.

மரத்தின் கீழ்ப்பக்கத்தை முன்பே இழைத்துத் தட்டையாக்கி, நான்கு மூலையிலும் ஸ்க்ரூ போட்டுப் பிடியுங்கள்; ஸ்க்ரூ தலை 15 மி.மீ. உள்ளே புதைய வேண்டும். இப்போது மேற்பரப்பு முழுவதையும் 60.0 உயரத்தில் சீவுங்கள். இந்தச் சீவலோடு மரத்தின் கனம் நாம் நம்பும் எண் என்ற நிலையிலிருந்து இயந்திரம் வெட்டிய எண் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. கணக்கைப் பாருங்கள்: உட்குழியின் அடி 14 உயரத்தில். கிண்ணத்தின் வெளியடி, பழைய கீழ்ப்பக்கத்திலிருந்து 5. ஆக அடியின் கனம் 9. திருப்பிப் போட்டதும் வெளியடி அடிப்பலகையிலிருந்து 55 உயரத்தில் நிற்கும்.

சீவிய கையோடு, நீளவாக்கு நடுக்கோட்டில் 8 மி.மீ. துளைகள் இரண்டு, 15 மி.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். ஒன்று நடுவிலிருந்து இடப்பக்கம் 185, மற்றது வலப்பக்கம் 178. மரத்தை நாம் இந்த நடுக்கோட்டைச் சுற்றித்தான் புரட்டப்போகிறோம். கோட்டின் மேலேயே இருக்கும் துளைகள் புரட்டியபின்னும் அதே இடத்தில் வந்து நிற்கும். இரண்டும் ஒரே தூரத்தில் இல்லாததற்குக் காரணம் என் இரண்டாவது கிண்ணம். அப்போது இரண்டையும் 180 என்று வைத்திருந்தேன். மாலை நேரக் களைப்பில் மரத்தைக் குறுக்குவாக்கில் புரட்டிப் போட்டேன். ஊசிகள் சமர்த்தாக உள்ளே போயின. ஒருபக்கம் மூக்கு நீண்ட வடிவம் அது, இடம் வலமாகிவிட்டது. 185, 178 என்று வைத்தால் தவறாகப் புரட்டிய மரம் ஊசியில் இறங்கவே இறங்காது.

உட்பக்கம்

முரட்டுவெட்டுக்குத் தட்டை எண்ட் மில், நிமிடத்துக்கு 16,000 சுழற்சி, நிமிடத்துக்கு 4,000 மி.மீ. வேகம். இரண்டு வெட்டுவாய் உள்ள கருவியானால், ஒரு வாய் ஒரு சுற்றில் எடுக்கும் சீவல் 0.125 மி.மீ. மரத்துக்கு இது நல்ல அளவு. பயந்துபோய் வேகத்தை 1,000 ஆக்கினால் சீவல் விழாது, மாவுதான் விழும். கருவி சூடேறி மரம் கருகும். ஓர் அடுக்குக்கு 5 மி.மீ. ஆழம். நேராகக் குத்தி இறங்காமல் திருகுப்பாதையில் இறங்கும்படி அமையுங்கள். எல்லாப் பக்கமும் 1.5 மி.மீ. மிச்சம் இருக்கட்டும்.

மெருகுவெட்டுதான் குழப்பம் நிறைந்த இடம். பால் நோஸ் அடுத்தடுத்த கோடுகளாக ஓடும்போது நடுவில் ஒரு மெல்லிய வரப்பு நிற்கும். அதன் உயரம், கோட்டிடைவெளியின் வர்க்கத்தைக் கருவி ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரும். 1 மி.மீ. இடைவெளி, 6 மி.மீ. ஆரம் என்றால் 0.02 மி.மீ. உப்புத்தாள் இரண்டு இழுப்பில் எடுத்துவிடும். ஆனால் இந்தக் கணக்கு தட்டையான இடத்துக்கு மட்டுமே பொருந்தும். மேலிருந்து பார்த்து 1 மி.மீ. என்று கோடு போட்டால், 70 பாகை செங்குத்தான சுவரின் மேல் அதே கோடுகள் ஏறத்தாழ 3 மி.மீ. விலகிவிடுகின்றன. வரப்பு எட்டரை மடங்காகி 0.18 மி.மீ.க்குப் போகிறது. கிண்ணத்தின் அடி கண்ணாடி போலவும் பக்கங்கள் உழுத வயல் போலவும் வருவது இதனால்தான்.

தீர்வு, பரப்பை இரண்டாகப் பிரிப்பது. 45 பாகைக்கு மேல் செங்குத்தான பகுதிக்கு, குளத்தில் நீர்மட்டம் இறங்குவது போல ஒவ்வொரு உயரத்திலும் சுற்றிவரும் பாதை. சாய்வு குறைந்த பகுதிக்கு இழைவாக்கில் இணைகோட்டுப் பாதை. இரண்டும் 2 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். பரப்பின் மேலேயே இடைவெளியைச் சமமாக வைக்கும் பாதை உங்கள் மென்பொருளில் இருந்தால் அந்த ஒன்றே போதும்.

இடைவெளியை 0.5 ஆக்கினால் இன்னும் நன்றாக வருமே என்று கேட்பார்கள். உட்பரப்பு ஏறத்தாழ 40,000 சதுர மி.மீ. 1 மி.மீ. இடைவெளியில், நிமிடத்துக்கு 3,000 வேகத்தில், கணக்குப்படி 13 நிமிடம்; திருப்பங்களில் இயந்திரம் தயங்குவதால் உண்மையில் 20. பாதியாக்கினால் நேரம் இரட்டிக்கும், வரப்பு 0.005 ஆகும். வெட்டிய மரத்தில் எழுந்து நிற்கும் நாரே அதைவிட உயரம். கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாத நயத்துக்காக மின்கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

பால் நோஸின் இன்னொரு குணம்: அதன் உச்சிமுனை சுழல்வதே இல்லை, அதாவது அங்கே வெட்டுவேகம் பூஜ்யம். தட்டையான அடியில் அது வெட்டாமல் தேய்க்கிறது. குழியின் அடியை மட்டும் மூலை உருண்ட எண்ட் மில்லால் முடித்தால் அந்த மங்கலான தடம் வராது.

குழி முடிந்ததும், திருப்பாமல், விளிம்பைச் சுற்றி 14 மி.மீ. அகலம், 12 ஆழத்துக்குக் காடி வெட்டுங்கள். நாம் வரைந்த நேர்ப்பட்டை இதில்தான் உருவாகிறது. நான்கு இடத்தில் காடியை வெட்டாமல் விட்டுவிட வேண்டும்: இரு முனையிலும் 14 மி.மீ., இரு பக்கத்தின் நடுவிலும் 20 மி.மீ. கிண்ணத்தைச் சட்டத்தோடு கடைசிவரை பிடித்துவைக்கும் பாலங்கள் இவை. பக்கத்துப் பாலங்களில் இழை குறுக்கே ஓடுவதால் அவற்றுக்கு அகலம் கூட வேண்டும்.

வெளிப்பக்கம்

மரத்தைக் கழற்றுங்கள். கிடைமட்டப் பூஜ்யத்தை மாற்றாமல், இயந்திரத்தை அணைக்காமல், அடிப்பலகையில் அதே 185, 178 இடங்களில் 8 மி.மீ. துளைகளை 10 மி.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். 22 மி.மீ. நீள எஃகு ஊசிகளைத் தட்டி இறக்குங்கள். குழிக்குள் தெர்மாகோல் துண்டுகளை இறுக்கமாக அடைத்து, மரத்தை நடுக்கோட்டைச் சுற்றிப் புரட்டி ஊசியில் உட்கார வையுங்கள். அடியில் ஒரு சிறு சீவல் கிடந்தாலும் சுவர்க் கனம் மாறும். தூசியைத் துடைத்துவிட்டு வையுங்கள். பிறகு ஸ்க்ரூ.

வேகங்கள் அவையே. கருவியின் முனை 6 உயரத்துக்குக் கீழே இறங்காதபடி எல்லை வையுங்கள். பாலங்கள் 6 மி.மீ. கனத்தில் நிற்கும். 20 பாகை சாய்ந்த சுவரில் பால் நோஸ் தொடும் புள்ளி அதன் முனையிலிருந்து 4 மி.மீ. மேலே இருக்கும் என்பதால், சுவர் 10 உயரம் வரை வெட்டப்படுகிறது. காடி 12 வரை ஏற்கெனவே இருக்கிறது. அந்த 2 மி.மீ. மேற்பொருத்தம்தான் இடையில் மரம் விட்டுப்போகாமல் காக்கிறது.

இந்தக் கட்டத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முரட்டுவெட்டில் மந்தமாக இருந்த சத்தம், சுவர் மெலிய மெலிய, மிருதங்கத்தின் வலந்தலை போலத் திறந்துகொள்ளும். அது இயல்பு. ஆனால் தொடர்ச்சியாக ஊளையிடத் தொடங்கினால் சுவர் கருவியோடு சேர்ந்து அதிர்கிறது என்று பொருள். சுழற்சியை 16,000இலிருந்து 13,000க்கு இறக்கிப் பாருங்கள். சுவரை 5 மி.மீ.க்கு மெலிதாக்க விரும்பினால் தெர்மாகோல் போதாது. உட்குழிக்குள் பொருந்தும் அச்சு ஒன்றை எம்டிஎஃபில் வெட்டி, அதன்மேல் கவிழ்க்க வேண்டும்.

தூசு உறிஞ்சியும் முகக்கவசமும் இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

கழற்றி முடிப்பது

பாலங்களை நுண்பல் ரம்பத்தால் அறுத்து, மிச்சத்தை உளியால் சீவுங்கள். உப்புத்தாள் 120இல் தொடங்கி 180, 240. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, நார் எழுந்து காய்ந்தபின் 320. உணவு வைக்கும் கிண்ணமானால் உணவுத்தர மினரல் எண்ணெயில் தேன்மெழுகு உருக்கிப் பூசினால் போதும். பலாவின் மஞ்சள் நாளாக ஆகப் பழுப்பேறும். வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பூசுவதற்கு முன் கவைக்கருவியால் (காலிப்பர்) சுவரை எட்டு இடங்களில் அளந்து எழுதிவையுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒன்று கனமாகவும் மற்றது மெலிதாகவும் இருந்தால் ஊசித்துளை நடுக்கோட்டில் இல்லை. அடி மட்டும் தவறாக இருந்தால் உயரப் பூஜ்யத்தில் பிழை. சுற்றிலும் ஒரே அளவு கூடவோ குறையவோ செய்தால் கருவியின் உண்மையான விட்டத்தை வெர்னியரில் பாருங்கள். பலமுறை தீட்டிய கருவி 12 ஆக இருக்காது.

வாய் சிறுத்து வயிறு பெருத்த குடத்தை இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. மேலிருந்து மட்டும் இறங்கும் கருவி வாய்க்கு அடியில் ஒளிந்திருக்கும் வயிற்றைத் தொட முடியாது. வயிறு அதிகம் புடைக்கும் மட்டத்தில் குடத்தைக் கிடையாக இரண்டாக வெட்டி வரையுங்கள். மேல் பாதியைக் கவிழ்த்தால் அதுவும் வாய் விரிந்த கிண்ணம்தான். கீழ்ப் பாதியும் அப்படியே. இரண்டையும் மேலே சொன்ன முறையில் குடைந்து, சேரும் விளிம்பில் ஒன்றுக்கு 3 மி.மீ. படியும் மற்றதற்கு அதற்கேற்ற பள்ளமும் வைத்து ஒட்டலாம். ஒட்டும்போது இரண்டின் இழையும் ஒரே திசையில் ஓடட்டும். குறுக்கே வைத்தால் இரண்டு பாதியும் வெவ்வேறு திசையில் சுருங்கி, ஒரு கோடைக்குள் ஒட்டு வாய்பிளந்துவிடும்.